ஃபர்ஸ்ட் ஃப்ளோரிலிருந்து விழுந்தவன்

10-6-84, ஞாயிறு

கடை லீவு. காலையிலிருந்து உட்கார்ந்து ஆறாம் பாகத்தை எழுதி முடித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் பெல்ஃபோர்ட் நாவல்கள் தமிழில் வருவது நின்று இரண்டு வருஷமாகிறது. நின்றால் என்ன? லண்டன் துப்பறிவாளர் சங்கரன்கோவிலில் என் பேனாவில் உயிரோடு இருக்கிறார். மம்மது தன் வாடகை நூலகத்தில் அச்சுப் புத்தகங்களோடு என் கையெழுத்துப் பிரதியையும் அடுக்கி வைக்கிறான். தறிக்காரர்கள், கண்டக்டர்கள், டீச்சர்கள் எல்லாரும் முறை சொல்லி வாங்கிப்போகிறார்கள். நான் வேலை பார்க்கிற தறிநூல் கடையில் வெறும் சங்கரசுப்பு. நூலகத்துக்குப் போனால் எழுத்தாளர்.

இந்தப் பாகத்தில் பெல்ஃபோர்ட் நியூயார்க் போகிறார். ஒரு கோடீஸ்வரனை ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ ஜன்னலிலிருந்து தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். ஸ்டைலாக இருக்கட்டும் என்று அப்படியே எழுதினேன். அருமையாக வந்திருக்கிறது.

16-6, சனி

அவமானம்.

மாலையில் நூலகம் நிறைய ஆள். சுந்தரபாய் சிஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இங்கிலாந்தில் பல வருஷம், அப்புறம் அமெரிக்காவில் கொஞ்ச காலம் நர்ஸாக இருந்துவிட்டுப் போன வருஷம் ஊர் திரும்பியவர். டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஊசியை எங்கள் தெருப் பக்கம் எல்லாருக்கும் அவர்தான் போடுகிறார். என் கதையை ஒரு பாகம் விடாமல் படிக்கிறவர்.

“தம்பி, கதை நல்லா ஓடுது. ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. லண்டன்ல ரோந்து போற போலீஸ்காரன் துப்பாக்கி வச்சிருக்கமாட்டான். நீங்க எல்லாவன் இடுப்புலயும் சொருகி விட்டுருக்கீங்க. இன்னொண்ணு, நாம மாடியை ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ங்கோம்லா, அது இங்கிலாந்து வழக்கம். அமெரிக்காவுல ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னா தரைதான். தரையில இருந்து தள்ளிவிட்டா எப்படிச் சாவான்?”

மம்மது விடுவானா? “அப்போ நம்ம கோடீஸ்வரன் வாசப்படி தடுக்கித்தான் செத்திருக்கான் வே!”

கூடமே சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். அவர் சிரிப்பில் கெடுதல் இல்லை, அது எனக்கே தெரியும். ஆனாலும் காது சுட்டது. யார் கேட்டார்கள் இவரிடம்?

17-6, ஞாயிறு

ஒரே மூச்சில் ஏழாம் பாகம். கொலைகாரி கிடைத்துவிட்டாள் – லண்டன் ஆஸ்பத்திரியில் வார்டைக் கவனிக்கும் நர்ஸ் டோரா. கையில் எப்போதும் குடை. எதிரில் வருகிறவர்களையெல்லாம் திருத்திக்கொண்டே இருப்பாள். நோயாளிகளுக்கு ஊசியை மாற்றிப் போட்டுக் கொல்வாள். கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தெரிந்தவுடன் ஊரைவிட்டு ஓடிவிடுவாள். எழுதும்போதே சிரிப்பு வந்தது.

24-6, ஞாயிறு

இதுவரை எந்தப் பாகத்துக்கும் இப்படிக் கிராக்கி இல்லை. பார்த்தவன் எல்லாம் டோரா, டோரா என்கிறான். சிஸ்டர் தெருவில் போனால் பையன்கள் “டோராம்மா” என்று கூவிவிட்டு ஓடுகிறார்களாம். மம்மது சொன்னான். நானும் சிரித்தேன். கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

சிஸ்டர் படித்துவிட்டார். பிரதியை மேஜையில் வைத்து, “இங்கிலாந்துல வார்டு பொறுப்புல இருக்க நர்ஸை சிஸ்டர்னுதான் தம்பி கூப்பிடுவாங்க. அமெரிக்காவுலதான் நர்ஸ்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு புத்தகம் எடுக்காமலே போய்விட்டார்.

9-7, திங்கள்

என் சின்னப் பயலுக்கு இருமல் விடவில்லை. டாக்டர் ஊசி எழுதியிருக்கிறார். சிஸ்டரிடம் தூக்கிக்கொண்டு போ என்றேன். என் மனைவி இசக்கித்தாய் நகரவில்லை.

“அந்தம்மாட்ட வேண்டாம். வெளிநாட்டுல ஊசிய மாத்திப் போட்டு ஆளக் கொன்னுட்டுத்தான் ஓடியாந்துட்டாகளாம்.”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது. ஒங்களுக்குத்தான் ஒண்ணுந் தெரியாது.”

இவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. என் கதையை ஒருநாளும் கேட்டவளில்லை. ஆனால் கதை வந்து சேர்ந்துவிட்டது – கதை என்ற பெயர் மட்டும் உதிர்ந்துபோய். அது நான் எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

10-7

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். இன்றும் சொல்லவில்லை.

21-7, சனி

துரைப்பாண்டி மகளைப் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் கடையில் நூல் எடுக்கிற தறிக்காரர். பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல். டாக்டர் வேளை தவறாமல் ஊசி போடச் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் வீடு இரண்டு வீடு தள்ளி. போகவில்லை. பக்கத்து ஊர் திருவேங்கடத்திலிருந்து கம்பவுண்டர் வரட்டும் என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். அதற்குள் வலிப்பு.

துரைப்பாண்டி கடை வாசலில் நின்று சொன்னார்: “அந்த சிஸ்டரே வந்து நின்னு, ‘நான் போடட்டா’ன்னு கேட்டாக அண்ணாச்சி. நான்தான் வேண்டாம்னு கதவைச் சாத்திட்டேன்.”

என்னை அண்ணாச்சி என்கிறார். என்னை.

29-7, ஞாயிறு

எட்டாம் பாகம். டோரா நிரபராதி, பழி அவள்மேல் அநியாயமாக விழுந்தது என்று எழுதினேன். தப்பித்துக்கொள்ள இது ஒரு வழி என்று நினைத்தேனோ? மம்மது உதட்டைப் பிதுக்கினான். “சப்புன்னு போச்சே வே. ஒருத்தனும் நம்பலை. எல்லாவனும் ‘அவதான் கொன்னா’ங்கான்.”

பிள்ளை பிழைத்துவிட்டது. காது கேட்கவில்லையாம்.

ஊசி வேளைக்கு விழுந்திருந்தால் கேட்டிருக்குமா? டாக்டரால்கூடச் சொல்ல முடியவில்லையாம். எனக்கு யார் சொல்வார்கள்?

5-8, ஞாயிறு

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி ஊரெல்லாம் கூட்டம். சிஸ்டர் வீட்டு வாசலில் மட்டும் ஆள் இல்லை. உள்ளே போய் நின்றேன். யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. “நான்தான் எழுதினேன் சிஸ்டர்… வேணும்னேதான் எழுதினேன்.”

“தெரியும் தம்பி. குடையப் பார்த்ததுமே தெரிஞ்சுட்டு.”

மன்னிக்கச் சொன்னேன். அவர் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். யாருக்குப் போடுவதற்கு என்று தெரியவில்லை.

“நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியாப் போயிருவீங்க. என்கிட்ட சொல்லி என்ன செய்ய? என்னைப் பத்தி யார்கிட்ட சொன்னீங்களோ, அவுககிட்ட போயிச் சொல்லுங்க.”

6-8, திங்கள்

சொன்னேன். முதலில் இசக்கித்தாயிடம்.  “நீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் நூலகத்தில், கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து. மம்மது தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியாகத் துரைப்பாண்டி வீடு. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“கதையா?” என்றார். “வெறுங் கதையா வே?”

பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. அவர் கூப்பிட்டார். அது திரும்பவில்லை.

12-8, ஞாயிறு

மறுபடி இருமல் பிடித்த பயலை டாக்டர் சீட்டோடு தூக்கிக்கொண்டு நானும் இசக்கித்தாயும் பட்டப்பகலில் சிஸ்டர் வீட்டுக்குப் போனோம். தெரு பார்க்கட்டும் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பயல் வீறிட்டு அழுதான். எதிர்வீட்டுக்காரி எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தன் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

7-10, ஞாயிறு

சிஸ்டர் வீட்டில் இப்போது பழையபடி ஆள் வருகிறது. துரைப்பாண்டி மட்டும் கடைக்கு வந்தால் என்னிடம் பேசாமல் முதலாளியிடம் நூல் எடுத்துப் போகிறார்.

மம்மது நச்சரித்துப் புதுக் கதை ஒன்று எழுத வைத்துவிட்டான். நூலகத்தில் வைக்குமுன் சிஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “பிழை இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்” என்றேன். வாங்கிக்கொண்டார். இன்று திருப்பிக் கொடுத்தார்.

“நல்லா இருக்கு தம்பி.”

வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். லண்டன் தெருவில் பெல்ஃபோர்ட் காரை வலது ஓரமாகவே ஓட்டிப் போகிறார். அங்கேயும் நம் ஊர் மாதிரி இடது ஓரம்தான். எனக்கே இப்போது கண்ணில் படுகிறது. அத்தனை வருஷம் அந்தத் தெருக்களில் நடந்தவருக்கா படாமல் போயிருக்கும்?