நாலாவது சகோதரியின் பச்சைக் கன்னம்

என் ரெஜினாவுக்கு,

பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் நம் அடுகோடி பட்டறையில் உன் ஸ்டூலை இன்னும் நகர்த்தவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நீ பாதியில் விட்டுப்போன ஓவியம் பாடாய்ப் படுத்துகிறது. நான்கு சகோதரிகள். நூறு வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அவர்களுடைய சித்தப்பா வரைந்தது. மூன்று முகங்களின் அழுக்கை நீ எடுத்ததும் ஒருத்தி நெற்றியில் செங்கல் சிவப்பு, ஒருத்தி தாடையில் நீலம், ஒருத்தி மூக்கோரம் ஊதா. நாலாவது பெண்ணின் கன்னத்தில் பச்சை. "இவளைக் கடைசியில பார்ப்போம்" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ இல்லாமல் போவாய் என்று யாருக்குத் தெரியும்?

அந்த நாலாவது பெண்ணின் மகள்தான் ஓவியத்துக்குச் சொந்தக்காரர். நேற்று வந்தார். "எங்கம்மா நல்ல மாநிறம். இதுல பாசி பிடிச்ச மாதிரி இருக்கா. தோல் கலர் பூசிடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் இருக்காங்க."

லென்ஸைக் கொடுத்துக் காட்டினேன். அகலத் தூரிகையின் ஒரே இழுப்பு, மயிர்த்தடம்கூட அழியவில்லை. பச்சை காயும் முன்பே சித்தப்பா கண்ணுக்கடியில் காவியை இழுத்திருக்கிறார், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன. அழுக்கு இப்படிப் புகாது. மகள் நம்பவில்லை. துடைத்தே காட்டலாமென்று, வழக்கம்போல் பஞ்சை நாக்கில் நனைத்தேன்.

"எச்சிலா? எங்கம்மா முகத்துலயா?"

பழைய படத்துக்கு அதைவிட மென்மையான மருந்தில்லை என்றேன். மற்ற மூன்று முகங்களையும் நீ அப்படித்தான் துடைத்தாய் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"உங்க எச்சில் பேடாம்மா, வேண்டாம். பெத்த பொண்ணு எச்சில்னா தோஷமில்ல. பஞ்சைக் குடுங்க."

எண்பது வயது விரல்களால் மெல்லத் துடைத்தார். பஞ்சில் பழுப்பு வந்தது. பச்சை போகவில்லை, இன்னும் பளிச்சென்று ஆனது. வேறு பஞ்சு கேட்டார். அப்புறம் இன்னொன்று. கன்னம் முழுக்கத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு பச்சையை வச்சுக்கிட்டா எங்கம்மா காலம்பூரா என் கலரைக் குறை சொன்னா?" என்றார். பிறகு, எழுந்துகொண்டே, "கழுத்தை நீ முடிச்சுடு."

தோல் கலரைப் பற்றிப் பேசவே இல்லை. வெள்ளிக்கிழமை வருகிறாராம். மனசு மாறிவிட்டாரா? நீ என்றால் அவர் நின்ற விதத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாய்.

கழுத்தை முடித்துவிடுவேன், ரெஜினா. வெள்ளிக்கிழமை அவர் என்ன சொன்னாலும் அந்தப் பச்சையின் மேல் என் தூரிகை படாது. படத்தையே தூக்கிக்கொண்டு போனாலும் சரி.

ஆஸ்டின் டவுனில் உன் அம்மா, நீ போன பிறகு தன் இன்னொரு மகளாய் எண்ணி, "சின்னவளே" என்று கூப்பிடுகிற,
உன் தங்கை கல்பனா