நான் கேட்காமல் விட்ட ஆள்

அன்பு மனைவிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நீ விட்டுப்போன இடத்திலேயே வீடு நிற்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தோடுதான் எனக்குச் சரிப்படவில்லை. என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. “சார், இந்த வயசுலயா? அக்கா ஊர்ல இல்லன்னதும் கலர் களை கட்டுதே!” என்று கேஷியர் பெண் எங்கள் வங்கிக் கிளையே கேட்கும்படி கத்துகிறாள்.

போகட்டும், உன் கேள்விக்கு வருகிறேன். அந்த உயர்நிலை நிகழ்தகவுப் பாடங்களை எடுத்தால் இன்னும் ஒரு வருஷம் அங்கே கல்லூரியில். எடுக்காவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியோடு நம் வாசலில். “நீங்க பேங்க்ல கடன் பிரிவுல இருக்கீங்க. நிதித்துறை வேலைக்கு இவ்வளவு கணக்கு நிஜமாவே தேவையான்னு நாலு பேர விசாரிச்சுச் சொல்லுங்க” என்று எழுதியிருந்தாய். இன்சூரன்ஸ் ஆபீசில் லீவு போட்டுவிட்டு, நம் மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் கேட்கும்போது மறுக்க முடியுமா? விசாரித்தேன்.

மேனேஜர் சொன்னார்: “சதவீதம் தெரிஞ்சா போதும்யா. அதையும் கம்ப்யூட்டர் போட்டுடுது.” மாடி வீட்டுப் பங்குச்சந்தைத் தரகர், “கணக்கு தெரிஞ்சவன் பயந்துடுவான் சார், தெரியாதவன்தான் இந்தத் தொழில்ல நிப்பான்” என்றார். போன வாரம் அவர் வீட்டுக் கார் காணாமல் போனதை நான் கேட்கவில்லை; விற்றிருப்பார். கேஷியர் பெண்ணோ, “அக்கா பாவம், வரச் சொல்லுங்க. உங்க சட்டையையாவது காப்பாத்தலாம்” என்றாள்.

ஆக, மூன்றுக்கு மூன்று ‘வேண்டாம்’. கடிதத்தை இங்கேயே ஒட்டியிருப்பேன். ஆனால் நீ கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, “யார் யாரக் கேட்டீங்க? அவங்கள ஏன் கேட்டீங்க?” என்பாய். கேட்க வேண்டிய ஆளைத் தாண்டித் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். கடன் திரும்பி வராத ஆபத்தைக் கணக்குப் போடும் தலைமை அலுவலகத்து ரிஸ்க் மேடம். கணக்கில் பெரிய படிப்பு. மதியம் தனியாகச் சாப்பிடுகிறவர். என் கெட்ட நேரம், செவ்வாய்க்கிழமை அவரே எங்கள் கிளைக்கு வந்து நின்றார்.

ஒரே ஆலையில் வேலை பார்க்கும் நூறு பேருக்கு நாங்கள் வீட்டுக்கடன் தயார் செய்திருந்தோம். ஆளுக்கு ஆள் நல்ல சம்பளம். கம்ப்யூட்டர் எல்லோருக்கும் பச்சை காட்டிவிட்டது. மேடம் நிறுத்திவிட்டார். தவணை கட்ட முடியாமல் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் விழுவார்கள் என்று அந்த நிரல் நினைத்துக்கொள்கிறதாம். ஆலை மூடினால் நூறு பேரும் ஒன்றாக விழுவார்களாம். “இத எங்க மாமியாரே சொல்லுவாங்க மேடம்” என்றார் மேனேஜர். “சொல்லுவாங்க சார். அதுக்கு பேங்க் எவ்வளவு பணம் ஒதுக்கி வைக்கணும்னும் சொல்லுவாங்களா?” என்றார் மேடம். மேனேஜர் அப்புறம் தண்ணீர் குடித்தார்.

வாசல் வரை வழியனுப்பப் போனபோது, வாய் சும்மா இராமல் உன் விஷயத்தைக் கேட்டுவிட்டேன். “படிச்சதுல முக்காவாசி நான் தொட்டதே இல்ல சார். ஆனா எந்தக் கால்வாசி உதவப்போகுதுன்னு அப்ப யாருக்குத் தெரியும்? உங்க வீட்டம்மாவ முழுசாவே படிக்கச் சொல்லுங்க” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சரி, மூன்று பேரைத் தள்ளு. நான்காவது ஆள் சொன்னதை எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை கெடு என்றாயே, நாளைக்கே பெயரைக் கொடுத்துவிடு. பிள்ளைகள் ஆன்ட்டி என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும். வீட்டுப்பாடத்தைக் காப்பியடிக்க மட்டும் விடாதே.

இங்கே பொழுது போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏடிஎம் வரை நடந்து போய்க் காவலாளியோடு அரசியல் பேசிவிட்டு வந்தேன். பணம் எடுக்க மறந்துவிட்டதாக அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறும் மறப்பேன்.

நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா, தூங்குகிறேனா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு ஒரே ஒரு ஆளைத்தான் விசாரிக்க முடிந்தது. “நல்லா இருக்கேன்” என்கிறான். ஒரே ஆள் பேச்சை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று உன் பாடத்தில் கட்டாயம் இருக்கும். லீவு கிடைக்கும்போது நேரில் வந்து சரிபார்த்துவிட்டுப் போ.

கணக்கெல்லாம் உனக்கு வசப்படட்டும்.

இப்படிக்கு,
உன் இளஞ்சிவப்புச் சட்டைக்காரன்