வெள்ளிக்கிழமைப் படிவம்

ஜூன் 5, வெள்ளி

இந்த வாரமும் ஏழு.

மனநல ஆலோசனைப் பயிற்சியில் இருக்கும் எங்கள் ஆறு பேருக்கும் மேடம் வெள்ளிதோறும் ஒரு படிவம் அனுப்புகிறார். தொற்றுக் காலத்தில் நாள் முழுக்க ஃபோனில் அடுத்தவர் அழுகையைக் கேட்கிறோம், எங்களை யார் பார்ப்பது என்று அவரே தொடங்கியது. தூக்கம், பசி, எரிச்சல் என்று பத்துக் கேள்விகள். மொத்தம் பதினைந்தைத் தாண்டினால் கூப்பிடுவார். இந்தக் கணக்கு எனக்குத் தண்ணிபட்ட பாடு, பரீட்சைக்குப் படித்ததுதானே. எல்லாம் பூஜ்யம் என்றால் சந்தேகம் வரும். அதனால் ஏழு.

கூப்பிட்டால், நான் ஃபோனில் பேசும் ஆட்களைக் குறைப்பார். பயிற்சிக்கு வேண்டிய மணிநேரம் நிறையாது. பிரசவத்துக்காக ஏற்கெனவே ஒரு வருடம் போனது. முடியாது.

ஜூன் 9, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை.

ஜூன் 10, புதன்

எழுதிவிடுகிறேன்.

வீட்டில் சத்தமில்லாத இடம் குளியலறைதான். கதவிடுக்கில் துண்டு, கவிழ்த்த வாளிமேல் நான். நேற்று மூன்று மணிக்கு ஃபோனில் தையல்காரம்மா. புருஷன் தொற்றில் போய் ஐந்து வாரம், முகத்தைக்கூடக் காட்டவில்லை. நேற்றுதான் முதல்முறையாக அழுதார். அந்த நேரம் பார்த்து வாலு கதவை உதைக்கிறாள். என் பெண், மூன்று வயது. இவர் மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டார், வேறு யார் இருக்கிறார்கள்? மியூட்டை அழுத்திவிட்டு — அழுத்தியதாக நினைத்துக்கொண்டு — கத்தினேன்.

"செத்துத் தொலையேன்டி! ஏன் என் உயிர வாங்குற?"

வெளியே உதை நின்றது. காதில் அழுகையும் நின்றது.

"கொழந்தையப் பாருங்கம்மா," என்று வைத்துவிட்டார்.

அந்த வார்த்தையை, அந்தக் காதில். அதுவும் பெற்ற பிள்ளையைப் பார்த்து.

பதிவேட்டில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று எழுதினேன். பொய்யில்லையாம். என்ன ஒரு கெட்டிக்காரி!

ஜூன் 12, வெள்ளி

ஏழு.

ஜூன் 14, ஞாயிறு

வாலு வாளிமேல் உட்கார்ந்து சீப்பைக் காதில் வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க... அவசரமே இல்ல... கேட்டுட்டுதான் இருக்கேன்." அச்சு அசல் என் குரல். அடுத்த நொடி கரடி பொம்மையிடம், "போடி, தொலை!"

"உன்ன அப்படியே உரிச்சு வெச்சிருக்கா," என்று இவர் சிரித்தார். துணி மடிக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டேன். அந்த முதல் குரல் ஒருநாளாவது அவளுக்குக் கிடைத்திருக்கிறதா?

ஜூன் 16, செவ்வாய்

தையல்காரம்மா எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன். "அவர் இல்லாம நான் எதுக்கு இருக்கணும்"னு போன மாசம் சொன்னவங்க. ஏதாவது ஆயிருந்தா? நான்தானே சொன்னேன், செத்துத் தொலைன்னு —

மேடத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மியூட், பதிவேடு, ஏழு.

"அந்தம்மா நல்லா இருக்காங்க. மறுநாளே எனக்கு ஃபோன் பண்ணாங்க. இப்ப நான்தான் பேசிட்டு இருக்கேன்."

"புகாரா மேடம்?"

"'அந்தப் பொண்ணு தனியாக் கெடந்து தவிக்குது, அதையும் யாராவது பாருங்க'ன்னாங்க."

செருப்பால் அடித்திருந்தால் தேவலை. புருஷனைப் பறிகொடுத்தவருக்கு என்னைப் பற்றிக் கவலை.

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை ஏழு வந்துச்சு, அதையும் நம்பினேன். உடனே கூப்பிட்டிருக்கணும். அது என் தப்பும்மா."

அவர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார்?

ஜூன் 17, புதன்

நான் ஃபோனில் பேசும் ஆட்கள் பாதியானார்கள். பயிற்சி நான்கு மாதம் நீள்கிறது. மையத்தில் ஜன்னல் வைத்த ஓர் அறை தருகிறார்கள். நானும் ஓர் ஆலோசகரிடம் பேசப் போக வேண்டும். பதிவேட்டைத் திருத்தி எழுதினேன், நான் கத்திய சொல்லோடு.

இவரிடமும் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை நான் வீட்ல இருக்கேன்," என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 19, வெள்ளி

வாலுவை மடியில் வைத்துக்கொண்டே படிவத்தை நிரப்பினேன். எதையும் கூட்டாமல். கடைசியில் அதுவே கூட்டிக் காட்டியது, இருபத்திரண்டு. அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. மேடம். நான் எடுப்பதற்குள் வாலு பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க... அவசரமே இல்ல."

பிறகு அதை என் காதில் வைத்து, விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.