ரயிலை முழுங்கியது யார்?

மே 4, 2025 – ஞாயிறு

மழை. மூன்று நாளாகத் துணி காயவில்லை. பென்ஷன் வாங்கும் கணக்கு டீச்சருக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். ஆனாலும் ஞாயிறு வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழு களைகட்டிவிடும். குழுவின் பெயர் ‘10, 20, 30’. மொத்தமே மூன்று பேர். நான், பதுளை டவுனில் பெயின்ட்டும் ஆணியும் விற்கும் லத்தீப், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பரமலிங்கம். பேசிக் என்ற கணினி மொழியில் வரிகளுக்குப் பத்துப் பத்தாகத்தான் எண் போடுவோம், மறந்ததை நடுவில் சொருக இடம் வேண்டுமே. அந்தப் பெயர் அப்படி வந்தது.

இன்று பரமலிங்கம் எழுதியிருந்தார்: “தெமோதரை ரயிலைத் திரும்ப ஓட்டிப் பாப்பமே? அந்தப் பழைய மெஷின் மாதிரியே வேலை செய்யிற மென்பொருள் ஒண்டு கிடைச்சிருக்கு.”

லத்தீப் உடனே: “ஓட்டுங்க, ஓட்டுங்க. ரயில முழுங்கினவன் ரெடி.”

வழக்கம்போல நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.

மே 7, புதன்

1987. லத்தீபின் மாமா குவைத்திலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த கணினி. ரப்பர் விசைகள், டிவிதான் திரை. உயர்தர டியூட்டரி வகுப்பு விட்டதும் மூன்று பேரும் நேரே அங்கேதான் (பரமலிங்கம் அப்போது மூன்றாம் முறையாகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார், பாவம்). ஒருவர் எழுதிவைத்த கொப்பியைப் பார்த்து வாசிக்க, ஒருவர் தட்ட, மற்றவர் பிளக்குக்குக் காவல். சேமித்து வைக்க வழியில்லை. கரண்ட் போனால் முதல் வரியிலிருந்து மறுபடி. எத்தனை தரம் போயிருக்கிறது! எத்தனை தரம் மறுபடி!

தெமோதரையில் ரயில் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்தால் போகுமே, அதைத்தான் திரையில் ஓட்டப் பார்த்தோம். பாதைக்கு அறுபது புள்ளிகள் எழுதுவது என் வேலை. புள்ளி புள்ளியாக ரயிலை நகர்த்தும் வரிகள் லத்தீபுடையவை. ரயில் ஜோராகச் சுற்றி வந்து சுரங்கத்துக்குள் போகும். வெளியே வராது! தரவு தீர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். முழுதாக ஓடிய அந்த நாளே கடைசி நாள். மறுநாள் மாமா கணினியோடு குவைத் போய்விட்டார்.

அன்றைக்கு லத்தீப், “புள்ளிய ஒருக்கா எண்ணிப் பாரு” என்றான். எண்ணியாயிற்று என்றேன். கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்குகிறவளை யார் சந்தேகப்படுவார்கள்? அதோடு விட்டேனா? “உனக்கு இதெல்லாம் ஓடாது லத்தீப், பேசாம கடையப் பாத்துக்க.” அன்றிலிருந்து அவன் எங்களுக்கு ‘ரயில முழுங்கினவன்’.

கொழும்பில் கணினி வகுப்புக்கு மூவரும் விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தோம். அவன் மட்டும் அனுப்பவில்லை.

என்னாலா? சேச்சே. அவன் வாப்பாவுக்குக் கடையில் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மே 9, வெள்ளி

அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியில் கொப்பி அகப்பட்டது. பதினெட்டாம் திகதி ஞாயிறு மூவரும் தெமோதரை ஸ்டேஷனில் கூடுவதாகப் பேச்சு. அங்கே ஓட்டிக் காட்டி அசத்தலாமென்று, பரமலிங்கம் அனுப்பிய மென்பொருளில் ஒரு வரி விடாமல் தட்டினேன். ரயில் சுரங்கத்துக்குள் போய் நின்றது.

சரி, லத்தீபின் பிழையைப் பிடிப்போம் என்று உட்கார்ந்தேன். அவன் வரிகளில் ஒரு குறையும் இல்லை. பிறகு என் புள்ளிகளை எண்ணினேன். ஐம்பத்தொன்பது. விரல் வைத்து எண்ணினேன். பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். ஐம்பத்தொன்பது! சுரங்கத்துக்கு வெளியே வரவேண்டிய கடைசிப் புள்ளியை நான் எழுதவே இல்லை. எண்ணியாயிற்று என்று சொன்னேனே, அன்றைக்கு எண்ணவும் இல்லை.

அடிப்பாவி.

என் வீட்டுக்காரர் கணபதியிடம் சொன்னேன். இருபத்தெட்டு வருஷம் தேயிலை பெக்டரியில் வேலை பார்த்த மனுஷன், எதற்கும் பதறமாட்டார். “ஒரு வரியச் சேத்துப்புட்டு பேசாம இரு. யாருக்குத் தெரியப்போவுது?”

சேர்த்தேன். ரயில் வெளியே வந்தது. எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை.

மே 18, ஞாயிறு

தெமோதரை ஸ்டேஷன் பெஞ்சில் பரமலிங்கத்தின் லெப்டொப், மூன்று பிளேன்டீ, லத்தீப் கொண்டுவந்த ரோல்ஸ். எங்களைப் படம் எடுத்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் ஒரு ரோல்ஸ் கிடைத்தது.

நான் தட்டிக்கொண்டு போன நிரலில் ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் லத்தீப் எழுந்து நின்று கைதட்டினான். பிறகு திரைக்குக் கிட்டக் குனிந்து, “சொல்லுங்க டீச்சர், நான் எந்த வரியில பிழை விட்டேன்? முப்பத்தெட்டு வருஷமா மண்டைக்குள்ள தேடுறேன், அம்புடவே இல்ல.”

“அது... பழைய மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்” என்றேன்.

“மெஷினா...” என்றான். அவன் முகம் சுருங்கிப்போனது.

மே 19, திங்கள்

சொல்லியிருக்கலாம். அத்தனை சுலபமாகக் கேட்டான். ஏன் சொல்லவில்லை நான்?

மே 20, செவ்வாய்

கொப்பியோடு கடைக்குப் போனேன். “எண்ணிப் பாரு” என்று அவன் முன்னால் வைத்தேன். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகக் குறி போட்டான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இடையில் ஒருவர் குழாய் வாங்க வந்தார். “கொஞ்சம் இருங்க” என்று அவரையும் நிறுத்தி வைத்துவிட்டு எண்ணினான்.

“அப்ப என்ட வரி சரி?”

“சரி.”

“அண்டைக்கே சரி?”

“அன்னைக்கே சரிதான் லத்தீப். எல்லாம் என் பிழை. எண்ணாமலேயே எண்ணினேன்னு சொன்னேன். முந்தாநாளும் பொய் சொன்னேன்.”

போனை எடுத்து மனைவிக்கு அடித்தான். “றின்ஸா! ரயில முழுங்கினது நானில்ல!” கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தான், நானும் சிரித்தேன், தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன்.

போனை வைத்தபின் மெதுவாகச் சொன்னான். “அந்தக் கொழும்பு ஃபோர்ம ரெண்டு மாசம் மேசை லாச்சியில வச்சிருந்தேன் விஜி. நமக்கு ஓடாதுன்னுட்டு கிழிச்சேன்.”

டீச்சர் என்று சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குழாயை அளக்கப் போய்விட்டான். பஸ்ஸில் அழுதேன். அழத்தான் வேண்டும்.

மே 23, வெள்ளி

குழுவில் லத்தீப் பேசவில்லை. பரமலிங்கம் மட்டும் காலையும் மாலையும் ரோஜாப்பூ போடுகிறார்.

மே 27, செவ்வாய்

இன்னும் ஒன்றுமில்லை. குழுவை விட்டும் போகவில்லை. கறட் சம்பல் செய்தேன், உப்பு போட மறந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

காலையிலேயே குழுவில் நான்கு படங்கள். லத்தீபின் கையெழுத்து! கடை பில் புத்தகத்தின் பின்பக்கங்களில், பத்து, இருபது, முப்பது என்று வரிசையாகப் புது நிரல். கீழே ஒரு செய்தி: “இது பதுளையிலருந்து மேல ஏறி வர்ற ரயில். டேட்டாவும் நான்தான். அறுபத்து மூணு புள்ளி. தட்டிப் பாருங்க டீச்சர்.”

டீச்சர்!

அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கணபதி வாசிக்க நான் தட்டினேன். தேயிலை பெக்டரிக் குரல், ஒவ்வொரு எண்ணும் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். கடைசி வரி முடிந்ததும் மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார், “புள்ளியெல்லாம் சரியான்னு எண்ணிப் பாக்கலியா?”

“லத்தீப் எண்ணியாச்சு” என்று சொல்லிவிட்டு ஓட விட்டேன்.