தேயாத பிரஷ்

செவ்வாய், மூன்றாம் நிலையம். நாள் 41, காலை 6.10
டைனமோ சோதனை வழக்கம்போல். அந்தக் காலத்துக் காரில் இருந்த வகை: சுழலும் செம்பு உருளை, அதை உரசி மின்சாரம் எடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ். பிரஷ் எவ்வளவு தேய்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. ஊரில் வருடக்கணக்கில் உழைக்கும் பிரஷ் இங்கே ஒரு வாரத்தில் பொடியாகிறது. காற்றில் துளி ஈரம் கிடையாது. ஈரமில்லாமல் கார்பன் வழுக்காது. உதவியாளன் ஆவுடையப்பன் காபி போட மறந்துவிட்டான். திட்டினேன்.

நாள் 44, மாலை 5.30
சூரியப் புயல். சர்க்யூட் உள்ளதெல்லாம் கருகிவிட்டது. தண்ணீர் சுத்திகரிப்பானும் போயிற்று. ஆவுடையப்பன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறான். டைனமோவில் சர்க்யூட் இல்லை, அதனால் தப்பியது. அதை அணுவெப்ப எஞ்சினோடு பெல்ட் போட்டு மாட்டிவிட்டேன். காற்று விசிறி, ஹீட்டர், புயலுக்குத் தப்பிய பழைய வால்வு ரேடியோ மூன்றும் இனி இதை நம்பித்தான். இருப்பது கடைசி ஜோடி பிரஷ்.

நாள் 45, காலை 7.00
கப்பல் வரப் பன்னிரண்டு நாள் ஆகும். பிரஷ் அதில் பாதிதான் தாங்கும். ஈரத் துணி வைக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஆளுக்கு அரை டம்ளர் தண்ணீர்தான். ஆவுடையப்பன் ஒரு வழி சொன்னான்: அவன் படுத்திருக்கும் இடத்தை எஞ்சின் பக்கம் மாற்றி, அவனையும் டைனமோவையும் ஒரே தார்ப்பாயால் மூட வேண்டும். "மூச்சுக் காத்துல ஈரம் இருக்கும்லா எக்கா. சும்மாதான கெடக்கேன்."

நாள் 48, காலை 6.00
தேய்மானம் கால்வாசியாகக் குறைந்துவிட்டது. இவ்வளவு நல்ல அளவு எனக்கு வந்ததே இல்லை. காரணம்: மூச்சு. அவன் பேச்சைக் குறைத்துவிட்டான். உதடு வெடித்திருக்கிறது.

நாள் 50, பகல் 2.15
ரேடியோ: "நிலையம் மூன்று, பிரஷ் எவ்வளவு மிச்சம்?" தாங்கும் என்றேன். அவனைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாள் 52, காலை 6.00
ஆவுடையப்பன் இறந்துவிட்டான். உடம்பு ஜில்லிட்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பிரஷை அளந்தேன்.

மாலை 6.00
மறுபடி அளந்தேன். தேய்மானம் கூடவில்லை. மூச்சு நின்று ஒரு பகல் ஆயிற்று, கூடியிருக்க வேண்டும். தார்ப்பாயை முழுதாக விலக்கினேன். டைனமோவுக்கு அடியில் அவன் பனியன் மடித்து வைத்திருந்தது. இன்னும் ஈரம். பக்கத்தில் அவன் டம்ளர்.

மாலை 6.40
திருத்தம். காரணம் மூச்சு அல்ல. அவன் குடிக்காத தண்ணீர். இருந்தது இரண்டு பங்கு. ஒன்றை எனக்கும் ஒன்றை டைனமோவுக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறான், மடையன். அளவு நன்றாக வந்தது, ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பான்.

நாள் 55, காலை 6.00
தினமும் இரண்டு டம்ளரில் அரை அரையாக அளக்கிறேன். என்னுடையதைக் குடிக்கிறேன். அவனுடையதைப் பனியனில் ஊற்றுகிறேன். ஊற்றும்போது "குடிச்சிருலே" என்று சொல்கிறேன். அது சோதனைக்குத் தேவையில்லை.

நாள் 57, காலை 9.20
ரேடியோ: "நிலையம் மூன்று, இறங்குகிறோம். எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"
இரண்டு என்று சொல்லிவிட்டேன். திருத்தவில்லை.