பிரேக் இல்லை என்று தட்டியது நான்தான்

10, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். வாங்க வேண்டியது: சோப்பு, பொட்டுக்கடலை. கேஸ் பதிவு செய்யணும்.

கண்டெய்னர் யார்டு வேலையிலிருந்து நேற்று என்னை நிறுத்திவிட்டார்கள். ஆறு வருஷம் கேட்டில் உட்கார்ந்து வண்டி எண் தட்டியவளுக்கு ஒரு பக்கக் கடிதம். போன வியாழன் ஒரு டிரெய்லர் யார்டுக்குள் பிரேக் பிடிக்காமல் உருண்டு, லோடுமேன் செல்வம் அண்ணன் காலை நசுக்கியது. கேட்டிலேயே டிரைவர் சொன்னான், பிரேக் சரியில்லை என்று. நான் கணினியில் குறிப்பு தட்டினேன், சூப்பர்வைசரிடமும் சொன்னேன். "கப்பல் வெயிட்டிங்கு, நீ வுடும்மா" என்றார். இப்போது அந்த வண்டிக்கு நேரே 'OK' என்று மட்டும் இருக்கிறதாம்.

மானேஜர்: "'என் கவனக்குறைவு'ன்னு உன் பேர்ல ஒரு கடிதம் எழுதி வச்சிருக்கோம். வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்து போடு ஜெயந்தி. வேலையாவது மிஞ்சும்."

போட மாட்டேன். போட மாட்டேன். போட மாட்டேன்.

11, புதன்

தூறல். மொட்டைமாடித் துணியெல்லாம் நனைந்து நாசம்.

பாத்திரம் கழுவும்போது பென் டிரைவ் ஞாபகம் வந்தது. வெள்ளத்தில் ஆபீஸ் கணினி மூழ்கிய பிறகு மானேஜரே போட்ட சட்டம்: சனிக்கிழமைதோறும் கேட் பதிவை நகல் எடுத்து, கேட் ஆள் வீட்டுக்குக் கொண்டுபோய் உயரத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீடு மூன்றாவது மாடி. புத்தர் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. என்னைத் துரத்திய அவசரத்தில் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள்.

புளியந்தோப்பிலிருந்து ஷேர் ஆட்டோ, டோல்கேட். ஷகிலா அக்காவின் பிரவுசிங் சென்டர். கம்பெனி மென்பொருள் இல்லாமல் கோப்பு திறக்காது. திறந்தாலும் 'OK'தான் காட்டும். வேறு எதில் திறந்தாலும் கட்டமும் புள்ளியும். அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாமே இது, மையில வுழுந்த எறும்பு நடந்தா மாறி கீது?"

பாலிடெக்னிக்கில் படித்த ஒரு கட்டளை: strings. இந்த மாதிரிக் கோப்புக்குள் மனுஷன் படிக்கிற எழுத்து எங்காவது இருந்தால் பொறுக்கித் தரும். அக்காவின் பழைய லினக்ஸ் கணினியில் அது இருந்தது. ஓட்டினேன். மென்பொருளின் பெயர், கொஞ்சம் குப்பை. அவ்வளவுதான். என் பெயர்கூட இல்லை.

ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம், நிஜமாகவே தட்டினேனா என்று. அப்படி நினைத்ததற்கு என் மேலேயே ஆத்திரம்.

12, வியாழன்

ஒன்பது மணிக்கு கலா அக்கா போன், செல்வம் அண்ணன் சம்சாரம். "முட்டிக்குக் கீய எடுத்துட்டாங்கமே. நீதான் ஓகே போட்டு உள்ள வுட்டியாமே, ஆபீஸ்ல சொல்றாங்கோ. நெசமா?"

"இல்லக்கா." போனை வைத்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம். கோபம்தான் என்னைத் திரும்ப ஷகிலா அக்கா சென்டருக்கு ஆட்டோ ஏற்றியது.

கட்டளையின் உதவிப் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். சில மென்பொருள் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு இடம் எடுத்துக்கொள்ளுமாம், இரண்டாவது இடம் வெற்று. strings ஓர் எழுத்தைப் பார்க்கும், அடுத்தது வெற்று, வார்த்தை இல்லை என்று தள்ளிவிடும். அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: strings -e l.

கொட்டியது! வண்டி எண்கள், டிரைவர் பெயர்கள், என் ஆறு வருஷம். 'BRAKE' என்று தேடினேன். கேட்டில் நாங்கள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டுவோம்.

JAYANTHI
BRAKE ILLA ULLA VIDADHEENGA

கொஞ்சம் கீழே அதே வண்டி எண், மறுபடி. பக்கத்தில் சூப்பர்வைசரின் லாகின் பெயர், 'OK'. மாற்றியவர் புதிதாக எழுதியிருக்கிறார், பழையது கோப்புக்குள் அழியாமல் அப்படியே கிடக்கிறது.

"மவளே, கீது பாரு! சத்தமா படிமே!" ஷகிலா அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆதார் பிரிண்ட் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, படித்தேன்.

நாலு பிரதி. ஒன்று நேராக ஆஸ்பத்திரிக்கு, கலா அக்கா கையில். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

13, வெள்ளி

சுள்ளென்று வெயில். புது செருப்பு கடிக்கிறது.

மானேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன குப்பை இது?"

"குப்பைதான் சார். நீங்க தள்ளி வுட்டது, நான் பொறுக்கினது."

சூப்பர்வைசர் எட்டி, தாளில் தன் லாகின் பெயரைப் படித்தார்.

"பென் டிரைவைக் குடு." மானேஜர் கை நீட்டினார்.

"உங்க சட்டப்படி உயரத்துல கீது சார். கேக்குறவங்க முறையா கேட்டா குடுப்பேன். கலாக்கா வக்கீல பாக்கப் போயிக்கீறாங்கோ."

அப்புறமும் அந்தக் கவனக்குறைவுக் கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "வேலை வேணுமா, வேணாமா? கையெழுத்து போடு."

வேலை வேண்டும். ரொம்ப வேண்டும். பேனாவை வாங்கினேன். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், கேட்டில் தட்டுகிற மாதிரியே பெரிய எழுத்தில் எழுதினேன்:

BRAKE ILLA ULLA VIDADHEENGA

கீழே என் பெயர்.