விரல் இடுக்கில் பார்க்கக் கூடாது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

கண் பரிசோதனைப் பயிற்சியில் நேற்று முதன்முதலாக நானே ஒருவரைச் சோதித்தேன். லைசென்ஸ் புதுப்பிக்க வந்த லாரி ஓட்டுநர். டார்ச் அடித்ததும் கண்மணி சட்டென்று சுருங்கியது. நல்ல கண் என்று நினைத்தேன். இடது கண்ணைக் கையால் மூடச் சொன்னேன். கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். நானும் "குறையில்லை" என்று எழுதிவிட்டேன்.

பின்னால் நின்ற டாக்டரம்மா ஓர் அட்டையை நீட்டி, "இதால மூடிப் படிங்க" என்றார். முதல் எழுத்தே தெரியவில்லை! கோளாறு வலது கண்ணின் உள்ளே, விழித்திரையில் என்றார் டாக்டரம்மா. அதுவரை ஓட்டுநர் விரல் இடுக்கில் இடது கண்ணால் பார்த்திருக்கிறார்.

"பழக்கதோஷம்மா" என்று அசடு வழிந்தார். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. நான் கிளம்பும்முன் காலண்டரைக் காட்டிச் சோதித்தபோது நீங்களும் கையால்தானே மூடினீர்கள்?

என் போட்டோவைச் சுவரில் மாட்டி, இருபதடி தள்ளி நின்று, ஒவ்வொரு கண்ணாக அட்டையால் மூடிப் பாருங்கள். அம்மா சாட்சிக்கு நிற்கட்டும். முகம் தெரியாவிட்டால் உடனே டாக்டரிடம் போங்கள். தெரிந்தால், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நில்லுங்கள்.

அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்